பதினோரு மாதத்துக்காரி

மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பூசணம் மேடம். அதில் அவளுக்கு வருத்தமில்லை. பூசணத்தோடு இருபது வருடம் குடித்தனம் நடத்துகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? பழைய ரொட்டியில் பூக்கும் பச்சைப் பூசணம், ஈர மரத்தில் படரும் வெள்ளைப் பூசணம், சாயப்பட்டறைக் கழிவுநீரில் போட்டால் சாயத்தைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கும் பூசணம் என்று நானூற்றுப் பன்னிரண்டு வகைகளைக் கண்ணாடிக் குழாய்களில் உயிரோடு வைத்திருந்தாள்.

நிர்வாக அலுவலகத்தில் அவளுக்கு வேறு பெயர். பதினோரு மாசம். "அந்தப் பதினோரு மாசத்தோட ஃபைல் எங்கப்பா வச்சீங்க?" என்று அவள் எதிரில் நிற்கும்போதே கேட்பார்கள். கேட்கிறவர்களுக்குக் கூச்சம் கிடையாது. கூச்சப்பட வேண்டியவர்கள் கூச்சப்பட்டிருந்தால் இந்தக் கதையைச் சொல்லவே வேண்டியிருந்திருக்காது.

விஷயம் இதுதான். பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இருந்தது தற்காலிக வேலை. ஒவ்வொரு வருடமும் பதினோரு மாதத்துக்கு ஒப்பந்தம் போடுவார்கள். பன்னிரண்டாவது மாதம் ஒப்பந்தம் கிடையாது. அறைச் சாவியை ஒப்படைக்க வேண்டும், அடையாள அட்டையை ஒப்படைக்க வேண்டும், நூலகத்தில் எடுத்த புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மறு மாதம் அதே சாவி, அதே அட்டை, அதே அறை. நடுவில் எதற்கு இந்தக் கூத்து என்றால், தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வேலை பார்த்துவிட்டால் நாளைக்கு 'நான் நிரந்தர ஊழியர்' என்று வழக்குப் போட்டுவிடுவாளாம். அதற்காக ஒரு மாதம் வெட்டு. இப்படிப் பதினோரு வருடம், பதினோரு வெட்டு. படித்த மனிதர்கள் கூடி உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே கண்டுபிடித்த ஏற்பாடு இது. அந்த மூளையை வேறு எதிலாவது செலவழித்திருக்கலாம்.

இவ்வளவுக்கும் அவள் வேலை தேடி வந்து நின்றவள் இல்லை. பதினோரு வருடங்களுக்கு முன்னால் வேறொரு ஊரில், ஓர் அரசு ஆய்வகத்தில், நிரந்தர வேலையில் இருந்தாள். கதவில் அவள் பெயர் எழுதிய பலகை தொங்கியது. கணவர் இன்னொரு ஊரில் பாலங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். எந்தத் தூண் எவ்வளவு தாங்கும், எந்த இடத்தில் விரிசல் விழும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார் என்று பெயர் வாங்கியவர். இரண்டு ஊர், இரண்டு அடுப்பு, நடுவில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. அப்போதுதான் இந்தப் பல்கலைக்கழகம் அவரை வலிய வந்து கூப்பிட்டது. நேர்காணலில் துணைவேந்தர் சிரித்துக்கொண்டே கேட்டாராம்.

"மேடம் என்ன பண்றாங்க?"

அவர் சொன்னார்.

"அடடே, அப்ப ரெண்டு பேரும் வந்துடுங்க சார். மேடத்துக்கும் ஏதாவது ஏற்பாடு பண்ணிடலாம். கொஞ்சம் பொறுமையா இருங்க, அவ்வளவுதான்."

அந்த ஒரு வாய் வார்த்தையை நம்பி அவள் பெயர்ப்பலகையைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாள். அந்தத் துணைவேந்தர் ஓய்வு பெற்றுப் போனார். அவருக்குப் பின் இரண்டு பேர் வந்து போய்விட்டார்கள். யாரைக் கேட்டாலும், "அப்படி எழுத்துல எதுவும் இல்லியே மேடம்" என்றார்கள். ஆறு கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ. பாலம் கட்டுகிறவருக்கே இந்தக் கதி என்று அவள் ஒருமுறை கேலியாகச் சொன்னாள். கணவர் சிரித்தார். அவரால் சிரிக்க முடிந்தது, அவர் வந்த நாளிலிருந்தே பேராசிரியர்.

அவளை மறக்காதவர் ஒருவர் இருந்தார். பழைய ஆய்வகத்தில் அவளோடு அடுத்த மேசையில் வேலை பார்த்தவர், இப்போது மலையடிவாரத்தில் ஒரு சின்ன வன ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைவர். வருடம் தவறாமல் அவரிடமிருந்து ஒரு கடிதம் வரும். 'பூசண ஆய்வாளர் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. கட்டடம் ஒழுகும், வேலை நிரந்தரம்.' அவளும் வருடம் தவறாமல் நன்றி சொல்லிப் பதில் போடுவாள். கணவருடைய வேலை இங்கே, மகளுடைய பள்ளிக்கூடம் இங்கே. இலவு காத்த கிளியைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள், அந்தக் கிளிக்கும் ஒரு குடும்பம் இருந்திருக்கும் என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை.

சரி, அந்தப் பன்னிரண்டாவது மாதம் அவள் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாளா என்றால், அதுவும் இல்லை. பூசணத்துக்கு ஒப்பந்தம் தெரியாது. குழாயின் அடியில் கூழ் மாதிரி உறைந்திருக்கும் தீனியைத் தின்று முடித்துவிட்டால் அது காய்ந்து செத்துவிடும். வருடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு வகையையும் பழைய குழாயிலிருந்து ஒரு துளி எடுத்துப் புதுக் குழாய்க்கு மாற்ற வேண்டும். அதற்குக் கிருமி புகாத அறை வேண்டும். மற்ற பதினோரு மாதமும் அந்த அறையில் மாணவர்களின் செய்முறை வகுப்பு நடக்கும். விடுமுறை மாதத்தில்தான் காலியாக இருக்கும். அந்த மாதம் பார்த்துத்தான் அவள் பல்கலைக்கழகத்துக்கு யாரோ.

ஆகவே அவள் விருந்தாளியாகப் போனாள். வாசலில் காவலாளி ஒரு நீளமான பதிவேட்டை நகர்த்துவார். பெயர், வந்த நேரம், யாரைப் பார்க்க, என்ன உறவு. பதினோரு மாதமும் அவளுக்கு வணக்கம் வைக்கிற அதே காவலாளிதான். "மன்னிச்சுக்குங்க மேடம், எழுதலைன்னா என் வேலை போயிடும்" என்று தலையைச் சொறிவார். அவள் எழுதுவாள். யாரைப் பார்க்க: கணவர். உறவு: மனைவி. எழுதிவிட்டுக் கணவர் இருக்கும் கட்டடத்தின் பக்கமே திரும்பாமல் நேரே பூசண அறைக்குப் போவாள்.

கிடங்கில் அந்த மாதம் அவளுக்கு ஒரு பஞ்சு கூடத் தரமாட்டார்கள். குழாய், பஞ்சு, தீனியை உறைய வைக்கும் அகார் பொடி எல்லாம் அவளே கடையில் வாங்கி வருவாள். கொதிநீராவியில் கிருமி நீக்கும் பெரிய கருவியைத் தொட ஊழியர் அட்டை வேண்டும் என்பதால், வீட்டுப் பிரஷர் குக்கரைப் பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வருவாள். பல்கலைக்கழகத்தின் விளம்பர மலரில் வருடா வருடம் பளபளவென்று அச்சாகும் 'எங்கள் அரிய பூஞ்சைத் தொகுப்பு' ஒரு சமையலறைக் குக்கரில்தான் உயிர் பிழைத்தது. அந்தப் படத்தில் குழாய்கள் தெரியும். குழாயைப் பிடித்திருக்கும் விரல்கள் தெரியும். யாருடைய விரல்கள் என்று போடமாட்டார்கள்.

ஒரு தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் வருவதற்கு முன்பே ஒரு தற்காலிக ஆசிரியர் வெட்டு மாதத்திலும் வேலை பார்த்துவிட்டு, "அந்த மாசச் சம்பளம் எங்கே?" என்று கேட்டுத் தொலைத்தார். அன்றே பதிவாளர் ஓர் உறுதிமொழித் தாள் தயாரித்தார். பதிவாளர் சட்டம் படித்தவர், ஓட்டை என்று ஒன்று இருந்தால் எறும்புக்கு முன்னால் அவர் கண்டுபிடித்துவிடுவார் என்று அலுவலகத்தில் பேச்சு. ஒவ்வொரு வருடமும் அவள் அதில் கையெழுத்துப் போடுவாள், அவரும் போட்டு முத்திரை குத்துவார், ஆளுக்கொரு பிரதி. அவள் அதை இதுவரை ஒழுங்காகப் படித்ததில்லை. அவமானத்தை யார் உட்கார்ந்து வரி வரியாகப் படிப்பார்கள்?

பதினோரு மாதக் கணக்கு வீட்டுக்குள்ளும் வந்தது. இந்த வருடம் வெட்டு மாதம் தொடங்கிய மூன்றாம் நாள், பதின்மூன்று வயதாகிவிட்ட மகள் பள்ளிக்கூடப் படிவம் ஒன்றை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, 'தாயின் தொழில்'னு போட்டிருக்கு. இந்த மாசம் உனக்கு வேலை இருக்கா, இல்லையா?"

"ஆராய்ச்சியாளர்னு எழுது கண்ணு."

"பேனாவாலயா, பென்சிலாலயா?"

கணவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சிரித்தார். அவளும் சிரித்துவிட்டு உள்ளே போய், சமையலறைத் தண்ணீர்க் குழாயடியில் வெகுநேரம் கையைக் கழுவினாள்.

அதற்கு மறுநாள்தான் துறைத்தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். வழவழவென்று பேசுகிறவர், எல்லோருக்கும் நல்லவர், ஆகவே யாருக்கும் பிரயோஜனம் இல்லாதவர். நாற்காலியைக் காட்டினார். வெட்டு மாதத்தில் அவர் நாற்காலி காட்டுவது அதுவே முதல் தடவை.

"உங்களுக்கு ஒரு சந்தோஷமான செய்தி மேடம். பூஞ்சையியலுக்கு ஒரு நிரந்தரப் பேராசிரியர் இடம் ஒதுக்கிட்டாங்க."

பதினோரு வருடம் 'இடமே இல்லை, இடமே இல்லை' என்று கேட்டுப் பழகிய காதுக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, கழற்றி வைத்த பெயர்ப்பலகை அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று யோசித்தாள்.

"தண்ணீர் சுத்திகரிப்புல பெரிய ஆள் ஒருத்தரை வெளியிலேர்ந்து கொண்டு வர்றோம். அவரோட மனைவியும் உங்க துறைதான். ரெண்டு பேருக்கும் சேர்த்து வேலை குடுத்தாத்தான் வருவேன்னு கண்டிப்பா சொல்லிட்டாரு. நிர்வாகமும் மனசு வச்சு, அந்த அம்மாவுக்காக இந்த இடத்தை உருவாக்கியிருக்கு. அவங்க ரெண்டு பேரும் அடுத்த வாரம் பார்க்க வர்றாங்க. நீங்கதான் அந்தக் குழாய்களையெல்லாம் சுத்திக் காட்டணும். அவரோட திட்டமே அந்தத் தொகுப்பை நம்பித்தான். அப்படியே ஒரு பட்டியல் போட்டு அந்த அம்மாகிட்ட ஒப்படைச்சுட்டீங்கன்னா..."

"ஒப்படைக்கணுமா?"

"அவங்க பொறுப்புல இருக்கட்டும்னுதான். நீங்க எங்கே போகப்போறீங்க? எப்பவும் போல இருக்கலாம்."

எப்பவும் போல! அவள் எழுந்துவிட்டாள். இல்லாத இடம் ஒரே மாதத்தில் முளைக்கும் என்றால், அது எப்போதும் முளைத்திருக்கும். விதை போட அவர்களுக்கு மனசு இல்லை, அவ்வளவுதான். இந்தப் பதினோரு வருடமும் அவள் பொறுமை என்று நினைத்துக்கொண்டிருந்ததை அவர்கள் சௌகரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவர் கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. நிமிராததைப் பார்த்ததுமே அவள் அருகில் போய் நின்று கேட்டாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"இல்லம்மா... அந்த இடத்தை முடிவு பண்ணின கமிட்டில நானும் இருந்தேன்."

"இருந்து?"

"நான் என்ன பேசறது? உன் பேரைச் சொன்னா, 'பொண்டாட்டிக்காகப் பேசறான்'னு சொல்லிடுவாங்க. நம்ம மேல ஒரு சொல் வந்துடக் கூடாது பாரு."

"கையெழுத்துப் போட்டீங்களா?"

அவர் ஒரு சட்டையின் கையை இரண்டு தடவை மடித்தார். "எல்லாரும் போட்டாங்க."

"அங்க ஒருத்தர் பொண்டாட்டிக்கும் வேலை குடுத்தாத்தான் வருவேன்னு நிக்கறாரு. அவரை யாரும் ஒரு சொல் சொல்லல. மனசு வச்சு இடத்தை உருவாக்கறாங்க. நீங்க என் பேரைச் சொல்றதுக்கே பயந்துட்டீங்க."

"கொஞ்சம் பொறுமையா இரு. இப்ப அவங்களுக்கு ஒரு வழி பொறந்துருக்குல்ல, அடுத்தது உனக்குத்தான்."

பதினோரு வருடமாக எத்தனை பேர் சொல்லியிருந்தாலும் அதே சொல்லை அவர் வாயிலிருந்து அன்று கேட்டதுதான் அவளைச் சுட்டது. நல்ல மனிதர்தான். குடிப்பதில்லை, அதட்டுவதில்லை, துணி மடிப்பார். ஆனால் எந்தத் தூணில் விரிசல் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவருக்குத் தன் வீட்டு விரிசல் மட்டும் கண்ணில் படவில்லை. பட்டிருந்தும் பூசி மெழுகினாரோ என்னவோ, அது இன்னும் மோசம்.

அடுத்த வாரம் அந்தத் தம்பதி வந்தார்கள். தண்ணீர்ப் பேராசிரியரைப் பூங்கொத்தோடு வரவேற்று, காரிலேயே துணைவேந்தர் அறைக்கு அழைத்துப் போய்விட்டார்கள். அவருடைய மனைவி, நரையை மறைக்காத தலையும் தேய்ந்த தோல் பையுமாக, வாசலிலேயே இறங்கிப் பூசண அறைக்கு வழி கேட்டார். காவலாளி பதிவேட்டை நகர்த்தினார். பின்னாலேயே குக்கர் பையோடு வந்த இவள், முன்னால் இருப்பவர் எழுதுவதைப் பார்த்தாள். யாரைப் பார்க்க என்ற கட்டத்தில் அந்த அம்மாள் பேனாவை நிறுத்தி யோசித்துவிட்டு, 'கணவரோடு வந்தேன்' என்று எழுதினார். அதற்குக் கீழ் வரியில் இவள் எப்போதும் எழுதுவதை எழுதினாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இவளுக்கு அவர் மேல் கோபம் வரத்தான் வந்தது. வராமல் இருக்க இவள் என்ன மரமா? வேண்டுமென்றே வேகமாக நடந்தாள். ஆனால் அறைக்குள் போனதும் அந்த அம்மாள் முதலில் செய்த காரியம், பையை வெளியிலேயே வைத்துவிட்டுக் கையைக் கழுவியது. அது வேலை தெரிந்த கை. பிறகு ஒவ்வொரு குழாயாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்தச் சாயம் திங்கற பூசணத்தைப் பத்தி வந்த கட்டுரை நீங்க எழுதினதுதானே? நான் அதை வச்சுத்தான் என் வேலையையே ஆரம்பிச்சேன். நீங்க இங்க பேராசிரியரா இருக்கீங்கன்னுல்ல நெனச்சுட்டிருந்தேன்!"

"நான் தற்காலிகம். இப்ப அதுவும் இல்ல. இது என்னோட வெட்டு மாசம்."

எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லக் கூடாது என்று நினைத்தவள்தான், சொல்ல ஆரம்பித்ததும் மடை திறந்த மாதிரி வந்துவிட்டது. அந்த அம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டார். அவருக்கும் ஒன்பது வருடத்தில் நான்கு ஊர். எல்லா ஊரிலும் கணவருக்கு மேசை, அவருக்கு ஓரத்தில் ஒரு முக்காலி.

"எனக்கு இந்த வேலை வேணுங்க. வேணாம்னு நான் தியாகம் எல்லாம் பண்ண மாட்டேன், அந்த வயசு தாண்டிடுச்சு. ஆனா உங்க குழாய்களைப் பிடுங்கி என் கையில குடுத்தா எனக்குத் தூக்கம் வராது." சொல்லிக்கொண்டே இன்னொரு குழாயைத் திருப்பினார். "ஏங்க, எல்லாக் குழாய்லயும் ஒரே மாசத்துத் தேதியா இருக்கே?"

"அறை அப்பதானே காலியா இருக்கும்? வருஷா வருஷம் வெட்டு மாசத்துலதான் மாத்துவேன். பழசைக் கொதிக்க வச்சுக் கொட்டிடுவேன்."

"அப்ப இங்க உயிரோட இருக்கறது எல்லாமே நீங்க வேலைல இல்லாத மாசத்துல பண்ணினதா?"

"ஆமா."

"அப்ப இது யாரோடது?"

அவள் குக்கரைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். வீட்டுக்குப் போய் அலமாரியைத் திறந்தாள். பெயர்ப்பலகைக்கு அடியில் பதினோரு உறுதிமொழித் தாள்களும் இருந்தன. முதல் முறையாக உட்கார்ந்து வரி வரியாகப் படித்தாள். 'இடைவெளி மாதத்தில் மேற்படியாருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அம்மாதத்தில் அவர் செய்யும் எந்த வேலையும் தன் சொந்த விருப்பத்தின் பேரில், தன் சொந்தப் பொருள்களைக் கொண்டு செய்வதாகும். அவ்வேலைக்கோ அதில் விளையும் எதற்குமோ பல்கலைக்கழகம் பொறுப்பேற்காது, உரிமையும் கொண்டாடாது.' கீழே பதிவாளர் கையெழுத்து, வட்ட முத்திரை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் பதினோரு தடவை, முத்திரை வேறு குத்தி, கத்தித் தொலைத்திருந்தது.

அன்று மாலையே மலையடிவாரத்துக்குப் போன் போட்டாள். "இடம் இன்னும் காலியா இருக்கா?" "கட்டடம் இன்னும் ஒழுகுதும்மா" என்றார் அவர்.

மறுநாள் காலை பதிவாளரிடம் ஒரு பக்கக் கடிதம் கொடுத்தாள். 'என் சொந்தப் பொருள்களான நானூற்றுப் பன்னிரண்டு குழாய்களை வெளியே எடுத்துச் செல்ல வாசலில் அனுமதிச் சீட்டு வேண்டும்.' பதிவாளர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன மேடம் விளையாடறீங்க? அது பல்கலைக்கழகச் சொத்து."

அவள் தாளை நீட்டினாள். முதல் வரியில் சிரித்துக்கொண்டிருந்தவர் மூன்றாவது வரியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார். தாளில் எழுத்து மாறவில்லை. மணியடித்துத் துறைத்தலைவரைக் கூப்பிட்டார். துறைத்தலைவர் ஓடிப்போய் அவள் கணவரைக் கூட்டி வந்தார். ஒரு பெண் தன் பொருளைக் கேட்டால் முதலில் தேடுவது அவள் புருஷனைத்தான்.

"சார், தண்ணீர்த் திட்டத்துக்கு நாளைக்குக் கையெழுத்தாகுது. அதுல இந்தத் தொகுப்பு இருக்குன்னு எழுதியிருக்கோம். நீங்க கொஞ்சம் வீட்டுல எடுத்துச் சொல்லக் கூடாதா?" என்றார் துறைத்தலைவர், அவள் அங்கே உட்கார்ந்திருக்கும்போதே.

"நான் இங்கதான் இருக்கேன்" என்றாள் அவள்.

பதிவாளர் சட்டென்று குரலை மாற்றினார். "சரி மேடம், வீண் பேச்சு எதுக்கு? உங்களுக்கும் ஒரு நிரந்தர இடம் போட்டுடலாம். துணைவேந்தர்கிட்ட நான் பேசறேன். இந்த வாரமே ஆணை வந்துடும்."

பதினோரு வருடம் கிடைக்காதது கால் மணி நேரத்தில் கிடைத்தது. கணவர் முகம் மலர்ந்து அவளைப் பார்த்தார், 'நான் சொன்னேன்ல' என்கிற மாதிரி. ஒத்துக்கொண்டிருப்பாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அந்த இடத்தில் அவள் ஒத்துக்கொண்டிருப்பாள்.

பதிவாளர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். அதை அவளிடம் நீட்டவில்லை. மேசையின் அந்தப் பக்கமாகக் கணவரிடம் நீட்டினார்.

"இதுல நீங்க ஒரு விண்ணப்பம் எழுதிக் குடுத்துடுங்க சார். 'என் மனைவிக்கு வேலை தந்து உதவ வேண்டும்'னு. விதிப்படி, இங்க வேலை பாக்கற கணவர் கேட்டாத்தான் மனைவிக்கு இடம் போட முடியும்."

கணவர் பாக்கெட்டில் கையை விட்டுப் பேனாவைத் தேடினார்.

அதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கமிட்டியில் அவள் பெயரைச் சொல்லத் திறக்காத வாய். அவளுக்கு எதிராகக் கையெழுத்துப் போட்ட கை. இப்போது அதே கை, அவளை ஒரு வார்த்தை கேட்காமல், அவளுக்காகப் பிச்சை எழுதப் பேனாவைத் தேடுகிறது.

"பேனாவை உள்ள வைங்க" என்றாள். "இருபது வருஷம் பூசணத்தைப் பாத்தது நான். நானூத்திப் பன்னெண்டு குழாயும் என் கையால பண்ணினது. உங்க தொகுப்பு, உங்க திட்டம், உங்க விளம்பரப் படம் எல்லாம் என் விரல். எனக்கு வேலை குடுக்கறதுக்கு என் பேர் போதாது, இன்னொருத்தர் வந்து 'உதவ வேண்டும்'னு கெஞ்சணுமா? அனுமதிச் சீட்டை எழுதுங்க சார். இல்லைன்னா அந்தப் பதினோரு தாளையும் எடுத்துக்கிட்டு நான் போற இடம் வேற."

பதிவாளர் எழுதினார். அவர் சட்டம் படித்தவர் இல்லையா?

மூன்று நாளில் குழாய்களைக் கட்டினாள். ஒன்பது வருடம் முக்காலியில் உட்கார்ந்த அந்த அம்மாளே வந்து, தாளைச் சுருட்டிச் சுருட்டிக் குழாய்களுக்கு நடுவே வைத்துக் கொடுத்தார். இவள் ஐம்பது வகைகளுக்கு ஒவ்வொரு பிரதி எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "இது உங்களுக்கு. அவங்களுக்கு இல்ல. எல்லாத்து மேலயும் என் பேர் எழுதியிருக்கு, கிழிக்க விடாதீங்க" என்றாள். வாசலில் காவலாளி சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, பெட்டிகளைத் தானே தூக்கி வண்டியில் ஏற்றினார்.

மகளிடம் கேட்டபோது, "ஒழுகற கட்டடமா? எனக்கு ஓகே. படிவத்துல பேனாவால எழுதலாம்ல?" என்றாள். கணவர் எதிர்க்கவில்லை. எதிர்ப்பதும் அவர் வழக்கமில்லை, ஆதரிப்பதும் வழக்கமில்லை. "நான் எப்படி இதை விட்டுட்டு வர்றது?" என்று மட்டும் கேட்டார். அவள் ஒரு காலத்தில் எப்படி விட்டுவிட்டு வந்தாள் என்று அவர் கேட்டதாக அவளுக்கு நினைவில்லை.

ஆறு மாதம் கழித்து, இரண்டு ஊர் அலைச்சலும் தனி வீட்டு இருட்டும் தாங்காமல், நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு அவர் மலையடிவாரத்துக்கு வந்தார். வன நிலையத்தின் வாசலில் ஒரு காவலாளி இருந்தார். அவரிடமும் ஒரு நீளமான பதிவேடு இருந்தது. பெயர், வந்த நேரம், யாரைப் பார்க்க, என்ன உறவு. கடைசிக் கட்டத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு 'கணவர்' என்று எழுதினார். உள்ளே, கூரை ஒழுகும் இடத்தில் ஒரு வாளி, அதைத் தாண்டி ஒரு கதவு, கதவில் பழைய பெயர்ப்பலகை. மூலையில் கொஞ்சம் துரு.

அவள் பர்னர் முன்னால் உட்கார்ந்து குழாய் மாற்றிக்கொண்டிருந்தாள். வேலை நாள், சம்பளம் உள்ள மாதம். நிலையத் தலைவர் எழுந்து வந்து அவரை அன்பாகக் கை குலுக்கி வரவேற்றார். பாலங்களைப் பற்றி இரண்டு வார்த்தை கேட்டார். இங்கே காட்டு ஓடையைக் கடக்க ஒரு மரப்பாலம் இருக்கிறது, அதுவும் ஆடுகிறது என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, மனசார ஒன்று சொன்னார்.

"நீங்களும் இங்கயே வந்துடுங்க சார். உங்களுக்கும் ஏதாவது ஏற்பாடு பண்ணிடலாம். கொஞ்சம் பொறுமையா இருங்க, அவ்வளவுதான்."

கணவர் மனைவியின் பக்கம் திரும்பினார். அவள் கையில் இருந்த குழாயை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அவர் மறுபடி நிலையத் தலைவர் பக்கம் திரும்பினார். தன் குரல் அவருக்கே புதிதாக இருந்திருக்க வேண்டும்.

"எவ்வளவு நாள் ஆகும்?" என்று கேட்டார்.